மொரோக்கோ சுவர் உரிந்ததற்கு பெயின்ட் பாஸைத் திட்டுகிறவர்களுக்கு



போன வாரம் எங்கள் ஹோல் சுவரின் ஃபோட்டோவை இங்கே போட்டேன். பெப்ரவரியில் அடித்த டிசைன் மே கடைசியில் ரொட்டி உப்புவது போல உப்பி, ஹஜ் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தட்டுத் தட்டாக செட்டியின் மேல் விழுந்ததைப் பார்த்தீர்கள். நான் வேறு ஒன்றும் எழுதவில்லை. "இப்படி ஆகிவிட்டது" என்று மட்டும் எழுதினேன். மிச்சத்தை நீங்கள் எழுதினீர்கள்.

"பாஸ் நல்லா ஏமாத்திட்டான் டீச்சர்." "மிச்சக் காசைக் குடுக்க வாணாம்." "அவன்ட நம்பரைப் போடுங்க, ஊருக்குத் தெரியட்டும்." ஒருவர் இன்னும் ஒரு படி போய், நம்மட ஆளுக்கு வேலையைக் கொடுக்காமல் வெளியாளுக்குக் கொடுத்தால் இப்படித்தான் என்றும் எழுதியிருந்தார். அதற்கு இருபத்தேழு லைக்.

அந்த ஃபோட்டோவை நான் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியதும் இருக்கிறது. நீளமாகத்தான் வரும். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் என் தப்பு. அந்த பாஸ் வேலை தொடங்க முன்னமே சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தச் சுவரின் அடிப்பக்கம் சரியில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும், பார்த்துச் செய்வோம்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெருநாளைக்கு ஆக்கள் வருவாங்க பாஸ்." அவ்வளவுதான். எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏன் மேலே ஏறுகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறுகிறவள். என் வீட்டுச் சுவரே ஒரு திரி என்று அந்த மனிதர் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. விளங்க விருப்பமில்லை என்பதுதான் சரி.

பெயின்ட், புட்டி, டெக்ஸ்ச்சர், கூலி எல்லாம் சேர்த்து 96,000 ரூபா. சீட்டு எடுத்துச் செய்தது. அதில் கூலிக் காசு 18,000 ரூபாவை, "பெருநாள் செலவு முடியட்டும், தாறேன்" என்று நிறுத்தி வைத்திருந்தேன். ஏப்ரலில் புதுவருடத்துக்கு முதல் வாரம் அவர் வந்து கேட்டார். வீட்டில் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டும் என்றார். அடுத்த மாதம் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் சுவர் உரிந்தது. "பாருங்க உங்கட வேலையை" என்று சொல்லி, அந்தக் காசை மூன்று கிழமை கொடுக்காமலே வைத்திருந்தேன்.

என் பெருநாளுக்காக அவர் செய்த வேலையின் கூலி, அவருடைய பெருநாளுக்குக் கிடைக்கவில்லை. தொழிலாளியின் வியர்வை காய முன்னர் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் உம்மத்திலிருந்துதான் "மிச்சக் காசைக் குடுக்க வாணாம்" என்று பதினொரு பேர் எனக்குப் புத்தி சொன்னீர்கள். நானும் அந்தப் புத்தி வரும் முன்னமே அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

இனி சுவருக்கு வருவோம்.

ஹெந்தளையில் வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த விசயம்தான், ஆனால் பெயின்ட் கடைக்குப் போனதும் மறந்துவிடுகிறோம். நாம் தண்ணீரின் மேல் குடியிருக்கிறோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஹமில்டன் கால்வாய், வடக்கே முத்துராஜவெல சதுப்பு, தெற்கே களனி கங்கை. நிலத்தைக் கொஞ்சம் தோண்டினாலே ஈரம். சில வளவுகளில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க உப்புக் கரிக்கும். இந்த நிலத்தில் எங்கள் வாப்பா கபுக் கல்லை அடுக்கி வீடு கட்டினார். கபுக் கல் பொத்தல் நிறைந்தது. கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய வீடுகளில் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் தடுக்கிற படை எதுவும் போடவில்லை. அதனால் ஈரம் மூன்றடி, நாலடி வரை ஏறும். ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறும்.

ஈரம் சுவரின் வெளிமேலுக்கு வந்து காற்றில் உலர்ந்துவிட்டால் பெரிய கேடு இல்லை. வெள்ளையாக ஒரு பூப் பூக்கும், துடைத்துவிடலாம். உலர வழியில்லாமல் முகப்பை அடைத்துவிட்டால்தான் வினை. உப்பு உள்ளேயே பளிங்காக இறுகும். இறுகும்போது பெருக்கும். பெருக்கிற பளிங்கு கல்லையே பொடியாக்கும், அதற்கு முன்னால் பெயின்ட் என்ன மாத்திரம்?

நாங்கள் செய்தது அந்த அடைப்பு வேலைதான். சீமெந்துப் பூச்சு, அதன் மேல் புட்டி, அதன் மேல் சீலர், அதன் மேல் பிளாஸ்டிக் கலந்த டெக்ஸ்ச்சர், அதன் மேல் மினுக்கத்துக்கு இன்னொரு கோட். ஐந்து போர்வை. ஈரமான பிள்ளைக்கு உடுப்பை மாற்றாமல் மேலே ரெயின்கோட் போட்டுப் பொத்தான் பூட்டி விட்ட மாதிரி.

பெப்ரவரியில் ஏன் தெரியவில்லை? ஜனவரியும் பெப்ரவரியும் நமக்கு வெயில் மாதம். நிலத்துத் தண்ணீர் கீழே இறங்கியிருக்கும். சுவர் தொட்டால் காய்ந்தது போல இருக்கும். ஏப்ரலில் இடி மழை, மே நடுவில் தென்மேல் பருவம். திரி மறுபடி நனைந்தது. இதில் பாஸின் கைக்கு என்ன சம்பந்தம்? உலகத்தில் எந்தக் கை திறமான கையோ அதைக் கொண்டுவந்து அடித்திருந்தாலும் மேயில் விழுந்துதான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது பெருநாளுக்கு முன் பெயின்ட் அடிக்கிற எல்லாருக்கும். நமது மாதங்கள் ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முன்னுக்கு நகர்கிறன. 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக ரமழான் இரண்டு முறை வரும். 2032, 2033 வாக்கில் ஷஃபான் மாதம் ஒக்டோபர், நவம்பர் மழைக்குள் போய் விழும். அப்போதும் "பெருநாளைக்கு முன் முடிக்க வேணும்" என்று சொட்டச் சொட்ட நனைந்த சுவரில் பெயின்ட் அடிக்கத்தான் போகிறோமா? சுவருக்குப் பிறை தெரியாது.

இந்த "மொரோக்கன் பினிஷ்" கதையையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக நமது ஒழுங்கைகளில் இது ஒரு நோய். ஒரு வீட்டுக் கல்யாணத்தில் கண்டோம், அடுத்த வீட்டு சுன்னத்து வைபவத்தில் கண்டோம், ரீல்ஸில் கண்டோம், பிறகு நம் வீட்டிலும் இருக்க வேண்டும். மண் நிறம், மேகம் மேகமாக, நடுவில் ஒரு வளைவு, அதற்குள் ஒரு விளக்கு. முஸ்லிம் வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டது போல. நானும் விழுந்தேன்.

சுவர் விழுந்த பிறகுதான் தேடி வாசித்தேன். மொரோக்கோவில், குறிப்பாக மரக்கேஷ் பக்கத்தில், அந்த வேலைக்குப் பெயர் தடெலாக்ட். அது பெயின்டே இல்லை. சுண்ணாம்பு. அந்த ஊர்ச் சுண்ணாம்பைச் சாந்தாக்கிப் பூசி, உருண்டைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கி, ஒலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சவர்க்காரத்தைப் பூசி இறுக்குகிறார்கள். ஹம்மாம்களில், தண்ணீர்த் தொட்டிகளில் பூசுகிற பூச்சு அது. தண்ணீரோடு வாழத் தெரிந்த பூச்சு. அதன் முகத்தை மட்டும் ஃபோட்டோ எடுத்து, பிளாஸ்டிக்கில் அச்சடித்து, வாளியில் அடைத்து நமக்கு விற்கிறார்கள். நாம் மொரோக்கோ என்று நினைத்து வாங்கியது, வாப்பாவின் சுவரின் மூச்சை அடைக்கிற ஒரு தோலை.

சுண்ணாம்பு நமக்கு என்ன புதிதா? சின்ன வயதில் நோன்பு வர முன்னர் வீட்டுக்கு வெள்ளையடித்தது என் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். பாதியாக வெட்டிய பீப்பாயில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். பிள்ளைகளைக் கிட்ட விடமாட்டார்கள். ஆறிய பிறகு வடித்து, கஞ்சியும் ஒரு துளி நீலமும் போட்டு, தும்புத் தூரிகையால் அடிப்பார்கள். இரண்டு நாளைக்கு வீடு முழுக்க அந்த வாசம். அடித்த அன்று மங்கலாகத்தான் இருக்கும், காயக் காய வெளுக்கும். விஞ்ஞானம் இதுதான்: சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் காபனீரொட்சைட்டு போகும். தண்ணீர் ஊற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே காபனீரொட்சைட்டை எடுத்து மறுபடி கல்லாகும். சுவருக்கு மேலே தோலாக நிற்காமல் சுவரோடு சேர்ந்து கல்லாகிறது. நுண்ணிய துளைகள் திறந்தே இருக்கும், ஈரம் வெளியே போகும்.

நமது ஊரிலேயே டச்சுக்காரர் 1708இல் கட்டி முடித்த தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் பேட்டண்ட் எடுத்ததே 1824இல். அதற்கு நூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஈர நிலத்தில் கட்டியவர்களிடம் இருந்தது சுண்ணாம்புச் சாந்து. நான் பழமைக்குக் கொடி பிடிக்கவில்லை. அந்தச் சுண்ணாம்புக்காகத் தெற்குக் கரையில் பவளப் பாறைகளை உடைத்து எரித்ததும் நடந்தது. இப்போது அதற்குத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். தரையில் வெட்டுகிற சுண்ணாம்புக் கல்லிலிருந்து செய்ததே போதும்.

இனி நீங்கள் எழுதிய யோசனைகள்.

"நாலடிக்கு டைல் ஒட்டுங்க டீச்சர்." டைல் ஒட்டினால் ஈரம் போய்விடாது. நாலடியில் உலர முடியாமல் ஐந்தடிக்கு ஏறும். பிறகு டைலுக்கு மேலே உரியும். "ஈரம் தாங்குற பெயின்ட் ஒன்று வந்திருக்கு." அதுவும் இன்னொரு ரெயின்கோட். வெளியிலிருந்து அடிக்கிற மழைக்கு அது சரி, நிலத்திலிருந்து ஏறுகிற ஈரத்துக்குச் சரி வராது. "என்ட பாஸை அனுப்புறேன்." உங்கள் பாஸும் இதே சுவரில்தானே அடிப்பார்?

"அலங்காரம் ஆகாதா? அல்லாஹ் அழகை விரும்புகிறவன் இல்லையா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். ஆகும் தங்கச்சி. வீடு அழகாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சுவருக்கு மறுபக்கம் என் உம்மாவின் கட்டில். உம்மாவுக்கு இழுப்பு. டிசைன் விழுந்த பிறகு செட்டியை இழுத்துப் பார்த்தால் சுவர் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது, உம்மாவின் அறைப் பக்கமும் கட்டிலுக்குப் பின்னால் அதே கறுப்பு. வீட்டு ஈரமும் பூஞ்சணமும் ஆஸ்துமாவையும் சுவாசத் தொல்லைகளையும் கூட்டுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டி போட்டிருக்கிறது. மார்ச்சில் வட்டிலப்பம் சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னீர்கள். உம்மா இரவில் இருமியதற்கு நான் பருவத்தைக் குறை சொன்னேன்.

உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அதே பாஸ். நான் காசைக் கொடுக்காமல் வைத்திருந்த நாட்களில் ஒரு நாள் வந்தார். காசு கேட்க வந்தார் என்று நினைத்து முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வெளியே சுவரோரம் குந்தி, நாங்கள் மூன்று வருடத்துக்கு முன் ஆசையாகப் போட்ட இன்டர்லொக் கல்லில் இரண்டைக் கிளப்பினார். கீழே மண் சேறாக இருந்தது. பிறகு என் மகனை அடிமட்டத்தை எடுத்து வரச் சொல்லி, வெளித் தரை உள்தரையை விட மூன்று அங்குலம் உயர்ந்திருப்பதைக் காட்டினார். ரோட்டைப் போடும்போதெல்லாம் உயர்த்தினார்கள், அதற்குச் சமனாக நாங்கள் வளவை உயர்த்தினோம், மண் மூச்சு விடாமல் கல்லைச் சுவரோடு சேர்த்து இறுக்கிப் போட்டோம். தண்ணீர் போக இருந்த ஒரே வழி சுவர். அதாவது முதல் அலங்காரம் செய்த கேட்டை இரண்டாவது அலங்காரத்தால் மறைத்திருக்கிறோம்.

அன்றைக்குத்தான் 18,000ஐக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்தார். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர், எல்லா வீட்டிலும் இதுதான்" என்றார். எல்லா வீட்டிலும் இதுதான் என்கிற அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். மழைக்காலம் வந்தால் இந்த ஊரில் எத்தனை பெயின்ட் பாஸ்மாருக்குக் கூலி நிற்கிறது என்று நினைத்துப் பார்த்தீர்களா? எழுத்து இல்லை, பில் இல்லை. சுவர் உரிந்தால் ஏழையின் கூலியில் வெட்டு. பெயின்ட் விற்ற கடைக்குப் போய் யாரும் காசு கேட்பதில்லை. ரீல்ஸ்காரரிடம் கேட்பதில்லை. அவசரப்பட்ட நம்மிடம் நாமே கேட்பதுமில்லை.

"நம்மட ஆளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்" என்றவருக்கு ஒரு வரி: நம்மட ஆளாக இருந்து எனக்கு உண்மையைச் சொல்லத் துணியாமல் காசை வாங்கிக்கொண்டு அடித்துவிட்டுப் போயிருந்தால் அவர் எனக்கு நல்லவரா?

அடிக்கப் போகிறவர்கள் ஒரு சின்னச் சோதனையைச் செய்யுங்கள். ஓரடிச் சதுரத்தில் தெளிந்த பொலித்தீனை வெட்டி, சுவரின் கீழ்ப்பக்கம் வைத்து நாலு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி ஒட்டிவிடுங்கள். ஒரு பகலும் இரவும் போகட்டும். பொலித்தீனின் உட்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறையின் ஈரம், குசினி ஆவி, ஜன்னலைத் திறந்து விட்டாலே பாதி குறையும். செலவு ஒன்றும் இல்லை. இதை மழை நாளில் செய்ய வேண்டும், வெயிலில் செய்தால் சுவர் பொய் சொல்லும். புதுப் பூச்சு என்றால் குறைந்தது நாலு கிழமை காய விடுங்கள்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. பழைய பெயின்டைச் சுரண்டும்போது பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வீட்டில் வைக்க வேண்டாம். முக்கியமாகப் பழைய கதவு, ஜன்னல் எனமல். இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கு எல்லை போட்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி வெளியிட்டது 2011இல், நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரி 1இல். எமல்ஷனுக்கு ஒரு கிலோவில் 90 மில்லிகிராம், எனமலுக்கு 600. அதற்கு முன் அடித்த கதவுகளில் எவ்வளவு இருக்கிறதோ. ஈயம் பிள்ளையின் மூளையைத் தாக்கும், இவ்வளவு போனால் பாதகமில்லை என்று ஒரு அளவே கிடையாது. எனவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, தூளைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பாஸுக்கும் ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், அவருக்கும் நெஞ்சு இருக்கிறது.

எங்கள் வீட்டுத் திட்டம் மாறிவிட்டது. வளைவு இல்லை, விளக்கு இல்லை. சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு இன்டர்லொக்கைக் கிளப்பி, உள்தரையை விடக் கீழே வரும்படி மண்ணை எடுத்து, சல்லி போடுகிறோம். உப்புப் பிடித்த பூச்சை நாலரை அடி வரை கொத்தி எடுத்து, கபுக்கைத் திறந்தபடியே மாதக் கணக்கில் விடப் போகிறோம். பிறகு சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்பு மூன்று கோட். பழைய பிளாஸ்டிக் பெயின்டின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அதனால் முழுக்கச் சுரண்டத்தான் வேண்டும். சுண்ணாம்பு அடித்தாலும் ஈரம் ஏறுவது நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு டீச்சர் சொன்னா என்று என்னிடம் வராதீர்கள். ஏறுகிற ஈரம் வெளியே போகும், அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். நோன்புப் பெருநாளைக்கு முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். முடியாவிட்டால் சிவப்புக் கல்லைப் பார்த்துக்கொண்டு வட்டிலப்பம் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பாஸ் வருகிற ஞாயிறு காலை கொத்தத் தொடங்குகிறார். கூலி அன்றன்று மாலையில் கொடுப்பதாகப் பேச்சு. உம்மா ராத்தா வீட்டுக்குப் போகிறா. அன்றைக்கு வருகிறவர்கள் பின் கதவால் வாருங்கள், முன்னுக்குத் தூசியாக இருக்கும்.